முதுகு காட்டிய குதிரை

பவானியின் வீட்டுக்குள் நுழைந்த ஐந்தாம் நிமிடத்தில் என் செருப்புகள் திசை மாறியிருந்தன. நான் கழற்றிப் போட்டபோது ஒன்று மின்தூக்கியையும் மற்றது சுவரையும் பார்த்துக் கிடந்தன. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், இரண்டும் பள்ளிக்கூட வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல அருகருகே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அது அவற்ர வேலை," என்றாள் பவானி. "இந்த வீட்டில ஒரு சாமானும் தன்ர பாட்டுக்குத் திரும்பி நிக்கேலாது. நான் ஒருத்திதான் முப்பது வருஷமா அசையாமல் நிக்கிறன்."

'அவர்' என்பது அவள் கணவர் மரியநாயகம். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், துறைமுகத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் நேர்கோடு வரைந்தவருக்குக் கோணலாக எதைக் கண்டாலும் விரல்கள் துடிக்கும். பவானி யாழ்ப்பாணத்துக்காரி. சென்னையில் முதுகலை படித்த காலத்தில் நாங்கள் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். அவள் வேதியியல், நான் தமிழ். பிறகு அவள் கொழும்பில் ஆசிரியையானாள், நான் திருச்சியில் கல்லூரி நூலகரானேன். அவளுடைய திருமணத்துக்கு என்னால் வர முடியவில்லை. "முப்பதாவது திருமண நாளுக்காவது வந்து சேரும்" என்று எழுதியிருந்தாள். திங்கட்கிழமைத் திருமண நாளுக்கு வியாழக்கிழமையே வெள்ளவத்தை வந்துவிட்டேன். முப்பது ஆண்டுத் தாமதத்தை நான்கு நாள் முன்னதாக வந்து ஈடுசெய்யலாம் என்பது என் எண்ணம்.

அவர்கள் சந்தித்த கதை எனக்குக் கடிதத்தில் வந்த கதை. கொழும்புச் சதுரங்கச் சங்கங்களுக்கு இடையே ஆண்டுதோறும் நடக்கும் அணிப் போட்டி ஒன்றில் இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். ஆட்டத்தின் நடுவில் அவர் 'அட்ஜஸ்ட்' என்று மெல்லச் சொல்லிவிட்டு, ஏனோதானோவென்று நின்ற அவளுடைய குதிரைகள் இரண்டையும் பிடித்து எதிர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாராம். "பிறகு தோற்றுப்போனார். ஆள் மோசமில்லை" என்று பவானி அன்று எழுதியிருந்தாள். அடுத்த கடிதத்தோடு திருமண அழைப்பிதழ் வந்தது.

வியாழன் இரவு உணவுக்கு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தன. மாசிக் கருவாடு சேர்க்காத சம்பல் எனக்காகத் தனிக் கிண்ணத்தில். இங்கே 'சைவம்' என்று சொன்னால் சமயத்தை விசாரிக்கிறார்கள். 'மரக்கறி' என்று சொன்னால்தான் சாப்பாடு வருகிறது. எல்லாம் சுவையாகவே இருந்தன. ஆனால் சொதி மட்டும் நேர்வழியில் செல்லவில்லை.

"கற்பகம், அவரிட்டச் சொதியைக் குடும்."

"கற்பகம், அவவைச் சம்பலை இஞ்சால தள்ளச் சொல்லுங்கோ."

திருமண நாளுக்கு வந்த விருந்தாளிக்கு இது கவலை தரும் காட்சி அல்லவா? கேட்டேன். இருவரும் ஒரே குரலில் சிரித்தார்கள். சண்டை ஒன்றுமில்லையாம். ஞாயிற்றுக்கிழமை இந்த ஆண்டு அணிப் போட்டியின் கடைசிச் சுற்று. பவானி வெள்ளவத்தைச் சங்கத்துக்கு ஆடுகிறாள்; நாயகம் திருமணத்துக்குப் பிறகும் தன் கொட்டாஞ்சேனைச் சங்கத்தை விட்டு வரவில்லை. அணிக்கு ஐந்து பேர். இரண்டு அணிகளும் பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒன்று கீழ்ப் பிரிவுக்கு இறங்கியாக வேண்டும். கொட்டாஞ்சேனை வென்றால் வெள்ளவத்தை இறங்கும். வெள்ளவத்தைக்குச் சமநிலையே போதும், கொட்டாஞ்சேனை இறங்கிவிடும். இதற்குமேல், இருவரும் தத்தம் அணியில் மூன்றாம் பலகை. நாயகத்துக்கு வெள்ளைக் காய்கள் என்பதும் முடிவாகிவிட்டது.

"அதுவரைக்கும் செஸ் கதைக்கிறேல்லை எண்டு ஒப்பந்தம்," என்றார் நாயகம், உப்புப் போத்தலை நேராக்கியபடி.

"செஸ் கதைக்காட்டி எங்களுக்குக் கதைக்க வேற என்ன கிடக்கு?" என்றாள் பவானி. "அதுதான் சொதி உம்மட கையால சுத்தி வருது."

வெள்ளிக்கிழமை நாயகம் என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துப் போனார். காலி நகருக்குப் போகும் காலி வீதியில் கொழும்புப் பேருந்து ஓடும் முறையைப் பற்றி ஒரு சொல்: எங்கள் ஊர் ஓட்டுநர்கள் நிறுத்தத்தில் நிறுத்தத் தயங்குவார்கள், இவர்கள் நிறுத்தம் இல்லாத இடத்திலும் அன்போடு நிறுத்துகிறார்கள், ஆனால் நாம் இரண்டாவது காலை எடுத்து வைக்கும்வரை காத்திருப்பதில்லை. நடத்துநர் "பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று புறக்கோட்டையைச் சிங்களத்தில் கூவிக்கொண்டு வந்தார். பின் இருக்கைப் பெண் கைபேசியில் மும்முரமாகப் பேசினாள். நாயகம் குனிந்து மொழிபெயர்த்தார்: "'இந்தா, மருதானை தாண்டிட்டன், அஞ்சு நிமிஷம்' எண்டு சொல்லுறா." பேருந்து பம்பலப்பிட்டியைக்கூடத் தாண்டவில்லை. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 'அஞ்சு நிமிஷம்' ஒன்றுதான் என்று மனம் நிறைந்தது.

கொட்டாஞ்சேனையில் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒலிக்கின்றன. இரண்டுக்கும் வழிவிடாமல் துறைமுகத்துப் பாரவண்டிகள் போகின்றன. ஒரு தேநீர்க் கடையில் எனக்கு மரக்கறி ரொட்டி வாங்கித் தந்துவிட்டு, மேசைமேல் இருந்த சோஸ் போத்தலின் முகப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குச் செஸ் தெரியாதுதானே?"

"குதிரை எப்படித் தாவும்னு தெரியும். அவ்வளவுதான்."

"அது காணும். ஆரிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்."

அவர் சொன்னது இது. முப்பது ஆண்டுகளாக வெள்ளைக் காய் கிடைத்தால் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயைத்தான் அவர் முதலில் இரண்டு கட்டம் தள்ளுவார். பவானி பிரெஞ்சுத் தற்காப்பு என்ற முறையில் பதில் சொல்வாள். கதவு சாத்தியதுபோல ஆட்டம் அடைபட்டுச் சமநிலையில் முடியும். வீட்டில் அதனால் நட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை சமநிலை என்றால் கொட்டாஞ்சேனை காலி.

"அதால இந்தமுறை ராணிக்கு முன்னால நிக்கிற சிப்பாய். அது அவவின்ர தொடக்கம். வெள்ளை கிடைச்சா அவ வேற ஒண்டும் ஆடமாட்டா. முப்பது வருஷமா அதில நான் அடி வாங்கியிருக்கிறன். வாங்கின அடியெல்லாம் இப்ப எனக்குப் பாடம்."

"தோத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் எதிர் வரிசையில் ஒரு மாடியைக் காட்டினார். கீழே பேக்கரி, மேலே, பதினாறு வயதில் அவரும் நான்கு நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய சங்கம். மற்ற நால்வரும் டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். சங்கம் இந்தப் பிரிவிலிருந்து ஒருமுறையும் இறங்கியதில்லை.

"ஞாயிறு பின்னேரம் நாலு பேரும் வாட்ஸ்அப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு இருப்பாங்கள். இறங்கிட்டம் எண்டு நான்தான் எழுதவேணும்." என் ரொட்டியைத் தட்டின் நடுவுக்கு நகர்த்தினார். "எழுதக் கை வராது."

சனிக்கிழமை பவானியின் முறை. வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கி, பூக்கடையில் ஒரு முழத்துக்கு இரண்டு விலை கேட்டு, தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். உப்புக் காற்று தின்ற தண்டவாளத்தை ஒட்டிக் கற்பாறைகள். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு குடையும் குடைக்குள் ஒரு காதலர் சோடியும். அறுபது வயதில் குடையில்லாமல் வந்த இருவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

"அவர் ஏதோ புதுசாக் கொண்டுவாறார்," என்றாள் பவானி. "பாத்ரூமுக்குள்ள போனைக் கொண்டுபோய் முக்கால் மணித்தியாலம் இருக்கிறார். நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். உம்மட முகத்தைப் பாத்தாலே அவர் உம்மிட்டச் சொல்லிப்போட்டார் எண்டு தெரியுது."

முப்பத்திரண்டு ஆண்டுகள் நூலகத்தில் இருந்தவள் நான். யார் எந்த நூலை எடுத்துப் போனார் என்பதை மற்றவருக்குச் சொல்லாதிருப்பது எங்கள் தொழிலின் ஒழுக்கம். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, என்ர ரகசியத்தையும் வைச்சிரும். அவர் எதைத் தள்ளினாலும் பிரெஞ்சுத் தற்காப்பு ஆடமாட்டன். கறுப்பில அவர் எப்பவும் ஆடுற ஆட்டத்தைத்தான் ஆடப்போறன். அதுக்குப் பேர் கிங்ஸ் இந்தியன். உங்கட நாட்டுப் பேர், பெருமைப்படும்."

நான் பெருமைப்படவில்லை, திகைத்தேன். நாளை இருவரும் ஒருவர் உடையை மற்றவர் அணிந்துகொண்டு சந்திக்கப் போகிறார்கள். அது அவர்கள் இருவருக்கும் தெரியாது, எனக்கு மட்டுமே தெரியும்.

பேச்சை மாற்றுவதற்காக, "இப்படி எல்லாத்தையும் திருப்பி வைக்கிறவர், போட்டியில என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் 'அட்ஜஸ்ட்' இருக்கு. தன்ர முறையில, அப்பிடிச் சொல்லிப்போட்டுத் தொட்டா எந்தக் காயையும் நேராக்கலாம். சொல்லாமல் தொட்டா வினை. தன்ர காயெண்டா அதை நகர்த்தவேணும். மற்றாளின்ர காயெண்டா, வெட்டக்கூடியதாயிருந்தா வெட்டியே ஆகவேணும். அவர் ஒருநாளும் சொல்ல மறந்ததில்லை."

ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டிலிருந்து இரண்டு பயணங்கள் புறப்பட்டன. "ஒரே பஸ்ஸில போய் இறங்கினா, புருஷனும் பெண்சாதியும் கதைச்சுப் பேசி முடிச்சிட்டினம் எண்டு ரெண்டு டீமும் சொல்லும்," என்றாள் பவானி. ஆகவே அவர் கரையோர ரயிலிலும் நாங்கள் பேருந்திலும் போவதாக ஏற்பாடு. ஏற்பாட்டை ரயில் மதிக்கவில்லை. வழியில் எங்கோ நின்றுவிட்டது. புறக்கோட்டையில் நாங்கள் ஏறிய கொட்டாஞ்சேனைப் பேருந்தில், கடைசி நொடியில் மூச்சிரைக்க ஒருவர் தொற்றி ஏறினார். நாயகம்.

பவானி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் நான்கு அடி தள்ளிக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, சிரிப்பை அடக்க முயன்றார், முடியவில்லை. நடத்துநர் பவானியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் கடுகடுத்த முகத்துடன் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். உடனே அவர் நாயகத்திடம் போய் நீளமாக ஏதோ சொன்னார். பயணிகள் எல்லாரும் நாயகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றான்?"

"'அந்த ஐயா உங்களைப் பாத்துச் சிரிக்கிறார், தெரிஞ்ச ஆளோ' எண்டு கேட்டான். தெரியாது எண்டன்." பவானியின் தோள்கள் குலுங்கின. "'இந்த வயசில இதென்ன வேலை, முன்னுக்குப் பாத்து நில்லுங்கோ' எண்டு அவருக்குச் சொல்லுறான்."

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். மின்விசிறிகள் காற்றைவிட ஓசையை அதிகம் தந்தன. நடுவர், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு சிங்கள அம்மையார். கைபேசி ஒலித்தால் ஆட்டம் போயிற்று என்பதால் கணவன் மனைவி இருவரும் தனித்தனியே வந்து தங்கள் கைபேசிகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஒருவருடையதை மற்றவர் பார்க்காதபடி வைத்துக்கொள்ளும்படி இருவரும் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளவத்தை அணித் தலைவர் ரிஸ்வி, மருந்துக்கடைக்காரர். ஒருகாலத்தில் பவானியிடம் வேதியியல் படித்தவர்.

"மிஸ், டிரோ எடுத்தாலே போதும். வேற வீரம் ஒண்ணும் வாணாம்," என்றார்.

"வீரம் காட்டுற வயசே எனக்கு?" என்று பவானி போய் அமர்ந்தாள்.

பார்வையாளர் கயிற்றுக்கு மிக அருகில் இருந்தது மூன்றாம் பலகை. கைகுலுக்கினார்கள். நாயகம் ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். பவானியின் புருவம் உயர்ந்தது. தன் தொடக்கம் தன்னையே நோக்கி வருவதை அவள் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு குதிரையை எடுத்து வெளியே வைத்தாள். இன்னும் இரண்டு நகர்வுகளில் அவளுடைய காய்கள் நாயகம் வழக்கமாக அமைக்கும் வடிவில் அமைந்தன. இப்போது அவருடைய வாய் திறந்தது. இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் கயிற்றுக்கு இப்பால் இருந்த என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சதுரங்கம் அறியாத எனக்கே ஒன்று புலப்பட்டது. நாயகத்தின் இடத்தில் இருந்து ஆடுவது பவானிக்குப் புதிது. அங்கே எந்தப் பள்ளத்தில் கால் இடறும் என்று நாயகத்துக்கு மனப்பாடம், ஏனென்றால் முப்பது ஆண்டுகளாக அதில் விழுந்தவர் அவர். ஒரு மணி நேரம் கழிந்தபோது பவானி மிகச் சரியாக அதே பள்ளத்தில் விழுந்தாள். ஒரு சிப்பாய் போயிற்று. தன் சொந்தத் தவறை மனைவி செய்வதைப் பார்த்த கணவரின் முகத்தில், வெற்றியைவிட இரக்கமே அதிகம் தெரிந்தது. இரக்கப்பட்டுக்கொண்டே சிப்பாயை வெட்டி எடுத்தார்.

அதன்பின் பவானி ஒரு குதிரையைப் பலகையின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். எதிரியைப் பார்க்க வேண்டிய குதிரை, முதுகைக் காட்டிக்கொண்டு பவானியையே பார்த்து நின்றது.

நாயகம் அதைக் கண்டார். கண்டுகொள்ளாததுபோல் சிந்தித்தார். தன் பேனாவை நேராக்கினார், கடிகாரத்தை நேராக்கினார், மேசை விரிப்பின் ஓரத்தை நேராக்கினார். ஆட்டம் நகர்ந்தது, குதிரை நகரவில்லை. மற்ற பலகைகள் ஒவ்வொன்றாக முடிந்தன; வெள்ளவத்தைக்கு இரண்டு, கொட்டாஞ்சேனைக்கு இரண்டு. மிச்சம் இந்த ஒன்று. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருக்கும் நாயகம் வென்றால் கொட்டாஞ்சேனை தப்பும். ரிஸ்வி நகத்தைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நடுவர் அம்மையார் மறுகோடியில் முடிந்த ஆட்டங்களின் தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

நாயகத்தின் முறை. கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். யோசனையின் உச்சத்தில், கண் திறவாமலே, அவர் கை தானாக நீண்டது, இரண்டு விரல்கள் அந்தக் குதிரையின் தலையைப் பற்றின, பாதி திருப்பின.

வாய் எதையும் சொல்லவில்லை.

கண் திறந்தபோது விரல்கள் குதிரைமேல் இருந்தன. பார்த்தவர்கள் மூன்று பேர்: அவர், பவானி, நான். அந்தக் குதிரைக்கு ஒரு சிப்பாய் காவல். அதை வெட்டக்கூடிய காய் ஒன்றே ஒன்று: எங்கள் வீட்டில் யானை என்று அழைத்த, இவர்கள் கோட்டை என்று அழைக்கும் காய். கோட்டையைக் கொடுத்துக் குதிரையை வாங்குவது பெரிய நட்டம் என்பதைப் பவானி சனிக்கிழமையே எனக்குச் சொல்லியிருந்தாள்.

பவானி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கை மேசையிலிருந்து சற்றே எழுந்தது, நடுவரை அழைக்கவா, வேண்டாம் என்று சைகை செய்யவா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்த கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது. அதைச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தொட்டிட்டன்," என்றார் நாயகம், அவளுக்கும் கயிற்றருகே இருந்த எனக்கும் மட்டும் கேட்கும்படி. கோட்டையை எடுத்து அந்தக் குதிரையை வெட்டினார். வெட்டிய குதிரையை மேசையோரம் வைத்தபோது, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவர் கவனிக்கவில்லை.

பவானியின் சிப்பாய் கோட்டையை வெட்டியது. மேலும் ஒரு மணி நேரம் இருவரும் விட்டுக்கொடுக்காமல் ஆடினார்கள். பலகையில் ராஜாக்கள் இருவரும் ஓரிரு சிப்பாய்களுமே மிஞ்சியபோது கைகுலுக்கினார்கள். சமநிலை. கொட்டாஞ்சேனை இறங்கியது.

"நாயகம் அண்ணை, வெல்லுற ஆட்டமல்லோ! ஏன் கோட்டையைக் குடுத்தனீங்கள்?" என்று அவருடைய அணித் தலைவர் தலையில் கைவைத்தார்.

"கணக்குப் பிழைச்சுப் போச்சு," என்றார் நாயகம்.

பவானி ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அவர் தலையை மிக மெல்ல அசைத்தார். சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை; நம்பினாலும், கணவனும் மனைவியும் பேசி முடித்த ஆட்டம் என்று பேச்சு வேறு திசையில் போகும். ரிஸ்வி வந்து, "மிஸ், அல்லாஹ் காப்பாத்தினான்!" என்றார். பவானி சிரிக்கவில்லை.

திரும்பும்போது மூவரும் ஒரே பேருந்தில் வந்தோம். புறக்கோட்டை வரை, விதிவசமாக அதே நடத்துநர். காலையில் தெரியாது என்று சொன்ன ஐயாவின் தோளில் அந்த அம்மா தலை சாய்த்திருப்பதைப் பார்த்து, சீட்டுக் கொடுக்காமலே தாண்டிப் போனார். நாயகம் தன் கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, ஏதோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். வெள்ளவத்தையில் இறங்கும்போதுதான் அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை திருமண நாள். பவானி பாற்சோறு செய்திருந்தாள். மேசைக்கு வந்த நாயகம், "அட்ஜஸ்ட்" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கரண்டியை நேராக்கினார். "அட்ஜஸ்ட்" என்று சொல்லி உப்புப் போத்தலை. "அட்ஜஸ்ட்" என்று சொல்லிச் சுவரில் நாட்காட்டியை. என் கோப்பையின் காதையும் அனுமதி கேட்டே திருப்பினார்.

"போதும், இஞ்சருங்கோ," என்றாள் பவானி. "நாலு பேரும் என்ன எழுதினவையள்?"

"'இத்தனை வருஷமாக் கொட்டாஞ்சேனையை விடாமல் ஆடினதுக்கு நன்றி'யாம். 'ஆனால் உன்ர மனுசியிட்டயா தோத்தாய், மடையா' எண்டு ஒருத்தன். நான் தோக்கேல்லை, டிரோ எண்டு எழுதினன்."

பிறகு பவானி, என்னைப் பார்த்தபடி அவருக்குச் சொன்னாள்: "அந்தக் குதிரையை நான் வேணுமெண்டு அப்பிடி வைக்கேல்லை."

"தெரியும்."

"வைச்ச பிறகு கண்டனான். திருப்பேல்லை."

நாயகம் சிரித்தார். "அதுவும் தெரியும். நாப்பது நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கொண்டு பொறுத்தனான்."

"நாப்பத்திமூண்டு," என்றாள் பவானி.

அவர் அவளையே பார்த்தார். அவர் கை தானாக நீண்டு, கோணலாக நின்ற அவளுடைய கோப்பையின் காதைப் பிடித்துத் திருப்பியது.

"சொல்லாமல் தொட்டிட்டீங்கள்," என்றாள் அவள்.

அது சீனி போடாத இஞ்சித் தேநீர். அவருக்கு மூன்று கரண்டி சீனி இல்லாமல் தொண்டையில் இறங்காது. நாயகம் கோப்பையை எடுத்தார். முகம் சுளிக்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார்.